மேஸ்திரி கழுவிவிட்ட மூலை

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. லேபில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்குத் தோல் பதனிடும் டேனரியில் நான் கத்தியதில் நியாயம் இருந்தது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

ஆட்டுத்தோலில் முடியை உதிர்க்கச் சுண்ணாம்பும் சல்பைடும் தடவுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு பாக்டீரியா சுரக்கும் நொதியே முடியை உதிர்த்துவிடுமா என்பதுதான் என் பிஎச்.டி. ஆம்பூரில் ஒரு டேனரியின் பின்மூலையில், கழிவு முடி கொட்டும் இடத்து மண்ணில் அந்த பாக்டீரியா எனக்குக் கிடைத்தது. பால் கலந்த அகார் தட்டில் வளர்த்தால், சுற்றியுள்ள பாலைக் கரைத்து ஒரு தெளிந்த வளையம் போடும். வளையம் இருந்தால் நொதி இருக்கிறது.

கிடைத்த சந்தோஷத்தில் வாராவாரம் புதுத் தட்டுக்கு மாற்றி, சத்தான தீனியாகப் போட்டு வளர்த்தேன். "கொஞ்சத்தை ஃப்ரீசர்ல எடுத்து வைம்மா" என்று கைடு படித்துப் படித்துச் சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். உட்கார வைத்துச் சோறு போட்டால் எது வேலை செய்யும்? வளையம் சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் இல்லாமலே போயிற்று. பட்டமும் அதோடு போயிற்று என்று பாத்ரூமில் போய் அழுதேன். கைடு திட்டவில்லை. மறுபடி அதே மண்ணை எடுத்து வரச் சொன்னார்.

வேலூரில் பஸ் ஏறுவதற்கு முதல்நாளே டேனரி மேஸ்திரிக்கு ஃபோன் போட்டேன். வினையே அதுதான். போய்ப் பார்த்தால் மூலை பளபளவென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி; ஒரு பாக்டீரியாகூட மிஞ்சியிருக்காது. நடுவில் எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"போன வாட்டி அந்த நாத்தத்துல குந்திக்கினு மண்ணு எடுத்தீங்க மேடம். மனசுக்குப் பேஜாராய்டுச்சு. அதான் வாரிக் கழுவ வச்சேன்" என்றார்.

"உங்கள யாரு கழுவச் சொன்னது?" என்று கத்தினேன். எனக்கு டீ சொல்லி வைத்திருந்த மனுஷர், முகம் தொங்கிப்போய் நின்றார்.

சுண்ணாம்புத் தோலில் முடி வழிக்கும் அக்கா ஒருத்தர் அருகில் வந்தார். "ஏம்மா அவர வையிற? போன மாசம் இங்கருந்து ஒரு கோணி முடி எடுத்தும்போய் எங்க வீட்டு எலுமிச்சைக்குப் போட்டேன். அது ஆவுமா?"

அவர் வீடு பின்தெருவில்தான். எலுமிச்சை அடியில், முடி மக்கிய கறுப்பு மண்ணை டப்பாவில் அள்ளினேன். மூன்றாம் நாள் தட்டில் வளையம் விழுந்திருந்தது. முதல் வேலையாகப் பன்னிரண்டு குப்பிகளை ஃப்ரீசரில் வைத்தேன். பட்டால்தான் புத்தி வருகிறது.

மூன்று மாதம் கழித்து, நொதியில் ஊறவைத்துக் கழுவிய ஆட்டுத்தோல் துண்டோடு டேனரிக்குப் போனேன். மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மேடம். இனிமே உங்களுக்குன்னு ஒரு மூலைய அழுக்காவே வச்சிருக்கேன்" என்று சிரித்தார். மனசு லேசாயிற்று.

அக்கா துண்டைப் பார்த்ததும் பழக்கத்தில் தன் கிழிந்த கையுறையைத் தேடினார். அவர் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு அரித்த புண்.

"வேணாங்கா, வெறுங்கையாலயே தொடுங்க."

தயங்கித் தயங்கிக் கட்டைவிரலால் தள்ளினார். முடி சுருண்டு வந்துவிட்டது. அவர் முடியைப் பார்க்கவில்லை. விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"எரியலியேம்மா" என்றார்.