வெந்நீரில் நின்ற குடுவை

என் மனைவிக்குப் பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவை வளர்த்து, கடுங்குளிரில் உறையவைத்து, உலர்த்திப் பொடியாக்குவாள். நான் தையற்காரன், வீட்டு முன்னறையில்தான் மிஷின். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளோ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாள்.

அந்த ஆண்டு அந்தச் சிரிப்பு நின்றது. அவள் கண்ணுக்குள் வைத்து வளர்த்த ஒரு பாக்டீரியா ரகம், உலர்த்தியதும் செத்துச் செத்துப் போனது. இன்னொரு முறை பொடி உயிரில்லாமல் வந்தால் ரகத்தையே கொட்டிவிட்டு வெளியில் வாங்கிக்கொள்வோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். எனக்கு மனசே ஆறவில்லை.

கடைசி முயற்சி நடந்த அன்று என் கத்தரிக்கோலைக் காணோம். பால் பாக்கெட் வெட்ட அவள்தான் எடுத்திருப்பாள் என்று போன் போட்டுக் கத்தினேன். அந்த எரிச்சலில், பனிக்கட்டித் தொட்டியில் வைக்கவேண்டிய குடுவையைப் பக்கத்து வெந்நீர்த் தொட்டியில் இறக்கிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் கவனித்திருக்கிறாள். வளர்த்துவைத்த வேறு குடுவை கிடையாது. வந்தது வரட்டும் என்று அதையே உறையவைத்து உலர்த்தினாள். அன்று வீட்டுக்கு வந்தவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். கத்தரிக்கோல் என் மேசையிலேயே துணிக்கு அடியில் கிடந்தது. அதை அவளிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

பிறகு அந்தப் பொடியைப் பாலில் கலந்து வைத்தார்கள். பால் கட்டித் தயிராகிவிட்டது!

அன்று தன் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே விளக்கினாள். ஆபத்துக் காலத்துக்கென்று அந்த உயிருக்குள் சில மரபணுக்கள் உண்டாம். சாதாரண நாளில் ஒரு புரதம் அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யவிடாதாம். சூடு பட்டால் பிடியை விட்டுவிடுமாம். உடனே பழுதுபார்க்கும் புரதங்கள் உருவாகிவிடும். அப்புறம் குளிரோ உலர்வோ வந்தாலும் தாங்கிக்கொள்ளும். படித்ததுதானாம், இந்த ரகத்துக்குப் பலிக்கும் என்றுதான் நினைக்கவில்லையாம்.

"சாகற சூடு இல்லைங்க, முழிச்சுக்கற சூடு" என்றாள்.

திரும்பத் திரும்பச் செய்துபார்த்தார்கள்; ரகம் பிழைத்தது. இப்போது ஆய்வுக்கூடத்தில் குடுவைக்குச் சூடுகாட்டும் வேலைக்கே 'வீட்டுக்காரர் போன்' என்றுதான் பெயர். போன் ஆயிற்றா என்று மேலாளரே கேட்கிறாராம். பார்த்தாயா, என் கோபத்தாலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அன்னைக்குக் கத்தரிக்கோல் உங்க மேசைலதான் இருந்துச்சு. காலைலயே பார்த்தேன்."

"அப்ப போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?" என்று சொல்லிவிட்டு, பழையபடி சிரித்தாள்.