கிள்ளான் ரயில் போகும்வரை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறைதான் பேண்டின் ஒத்திகை இடம். அண்ணன் கித்தார், பக்கத்து வீட்டுக்காரர் டிரம்ஸ், நான் பாட்டு. எழுபதுகளின் கடைசி. ஊரே டிஸ்கோவுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஒரே சுரத்தை நீட்டி, எதிரொலிக்க விட்டு, அதற்குள் மிதந்துகொண்டிருந்தோம்.

"மழை வரப்போற மாதிரிச் சத்தம் கேக்குது, மழையைத்தான் காணேல்லை" என்பார் அப்பா. அவர் ரயில்வே குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். "எங்கட ஊர்" என்று அவர் சொன்னால் அது யாழ்ப்பாணம் மட்டும்தான். நாங்கள் பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸை ஊர் என்றால் சிரிப்பார்.

மாலையில் கிள்ளான் ரயில் வரும். வீடே அதிரும். வாசிப்பதை நிறுத்துவோம். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்தில் பிடிப்போம். அப்பா வேலை முடிந்து வந்து தேநீர் குடித்த பிறகே தொடங்க அனுமதி என்பதால், எங்கள் நீளமான பாட்டின் நடுவில்தான் அந்த ரயில் எப்போதும் வந்தது.

அண்ணனை லண்டனுக்கு அனுப்ப அப்பா தீர்மானித்திருந்தார். அவனுக்கோ இசையை விட்டுப் போக மனமில்லை. அந்த நேரத்தில் கிள்ளானில் ஒரு இசைப் போட்டி வந்தது.

"வெண்டா இங்க நில்லு. தோத்தா லண்டன் போய் எக்கவுண்ட்ஸ் படி" என்றார் அப்பா.

மேடையில் நீல விளக்கு. தூக்கத்தில் பாடுவது போலப் பாடினேன். நடுப்பகுதி வந்ததும் மூவரும் ஒன்றாக நிறுத்தினோம். யாரும் சைகை காட்டவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. இங்கே ஏது ரயில் என்று எங்களுக்கு உறைப்பதற்குள், பாட்டு முடிந்தது என்று கூட்டம் கைதட்டியது, திரையும் விழுந்தது.

"பாதிதான் லா வாசிச்சீங்க" என்றார் திரை இழுத்தவர்.

அந்தச் சனியன் பிடித்த ரயில்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணன் லண்டன் போனான்.

அப்பா ஓய்வு பெற்றதும் செராஸுக்குக் குடிபோனோம். சுற்றிலும் வீடுகள்தான், தண்டவாளத்தையே பார்க்க முடியாது. ஒருநாள் அண்ணனிடமிருந்து கேசட் வந்தது. அங்கே யாரோடோ சேர்ந்து அதே பாட்டை வாசித்திருந்தான். நடுவில் கித்தார் நின்றது. கேசட் சுற்றியது, சத்தமே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று எழுந்தேன்.

அப்பா கண்ணை மூடியபடியே கையை உயர்த்தினார்.

"பொறு பிள்ளை. ரயில் போகட்டும்."

காத்திருந்தோம். கித்தார் விட்ட இடத்தில் பிடித்தது.

"எங்கட ஊர்" என்றார் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது.