அவனும் நின்றிருக்கலாம்

துடியலூரில் மாதா கோயிலுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தாள் என் மனைவி. பைக்கில் வந்த ஒருவன் அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்க, வண்டியோடு சாலையில் விழுந்தாள். தோள் எலும்பு உடைந்தது. விழுந்தவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அவன் போனானாம். பார்த்தும் போனான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிறு பூசையில், பிறர் குற்றத்தை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற செப வரி வந்தால் என் வாய் நின்றுவிடும். ஒருநாள் பங்குச் சாமியாரிடமே கேட்டேன்.

"கும்பிட்டுட்டு வந்தவளுங்க ஃபாதர். கடவுள் ஏன் தடுக்கல?"

"அவன் கையப் புடிச்சு நிறுத்துனா, நம்ம கையையும் புடிச்சுத்தானுங்க வெச்சிருக்கோணும். அப்புறம் நாம யாரையும் நேசிக்கவும் முடியாது. அருள் கதவத் தட்டும், உடைச்சுட்டு வராதுங்க" என்றவர், "ஆனா முழுசா எனக்கும் தெரியாதுங்க" என்றார்.

அந்த நேர்மை பிடித்தது. கோபம் மட்டும் குறையவில்லை.

சரவணம்பட்டியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர், அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சனிக்கிழமை காலைகளில் தன் வீட்டில் நாலைந்து பேரோடு ஜென் தியானத்தில் அமர்வார். என்னையும் கூப்பிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சுவரெல்லாம் அந்தத் திருடனின் முகம்.

"போகச் சொன்னாலும் போக மாட்டேங்குதுங்க."

"போகச் சொல்லாதீங்க. கோபப்படறது யாருன்னு மட்டும் பாருங்க."

அங்கே மீட்பர் இல்லை, தீர்ப்பு இல்லை. கைகொடுக்க யாரும் வராத அந்த அமைதி முதலில் பயமாக இருந்தது. மெல்லத்தான் உறைத்தது: அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. நானே வரைந்த ஓர் அரக்கனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆள் பிடிபட்டான் என்று காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். போனோம். ஒடிசலான ஆள். பயந்துபோன, சாதாரண முகம். "இவருதானுங்க" என்று காவலரிடம் சொன்ன மனைவி, அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் உழுந்ததப் பாத்தீங்கல்ல? நின்னிருக்கலாமில்லீங்க?"

அவன் தலை குனிந்தது. "பயந்துட்டனுங்க."

"இனியாவது நில்லுங்க."

வெளியே வந்ததும், "புகாரத் திரும்ப வாங்கிக்கலாமா?" என்று கேட்டேன். அவன் முகத்தைப் பார்த்தபின் அப்படித்தான் தோன்றியது.

"வேண்டாமுங்க. செஞ்சது அவருதான். அத இல்லைன்னு சொன்னா, அவரால திருந்தவும் முடியாதுன்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

அவனை அரக்கனாக இல்லாமல் பார்க்கச் சனிக்கிழமைச் சுவர் எனக்குச் சொல்லித்தந்தது. அந்த மனிதனிடம் என்ன சொல்வது என்பது அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. அதை அவள் கோயிலில் கற்றிருந்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஜென் அமர்வில் அவனுக்கும் எனக்கும் நடுவே, தப்பு செய்தவன் செய்யாதவன் என்ற கோடே இல்லை. என் வேதத்தில் கோடு உண்டு. அதைத் தாண்டித் திரும்பி வரலாம் என்ற அழைப்பும் உண்டு. இரண்டுக்கும் நன்றி சொல்கிறேன்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. பூசையில் அந்த மன்னிப்பு வரியை வாய் திறந்து சொல்ல எனக்கு மேலும் சில மாதங்கள் ஆயின.

மனைவியின் தோள் இப்போதும் முழுதாக உயராது. காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவது என் வேலை. "ஏனுங்க, வகிடு கோணலா இருக்குதுங்க" என்பாள். பிரித்துவிட்டு மறுபடி பின்னுவேன். இத்தனை வருட வாழ்க்கையில் அவள் கூந்தலை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.