இரு கையிலும் கரி

வேறு தோட்டத்திலிருந்து இலங்கை மலையகத்தின் வட்டகொடைப் பக்கம் வந்து, பிள்ளைக்காம்பரா எனும் குழந்தைகள் காப்பறையில், தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரிகளின் மழலைகளைக் காத்துவந்தார் மரியநாயகி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டில், ஞாயிறுதோறும் பூசை முடிந்தபின், அவ்வறையிலேயே தாய்மாருக்குச் சித்திரம் வரையக் கற்பித்தார். அடுப்புக்கரியே தூரிகை, தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளே ஏடு.

அவர்களுள் காளியாயிக்கு மட்டும் கோடு வசப்படவில்லை. வரும் புதன்கிழமை, இரு நாட்டு ஒப்பந்தப்படி, அவள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். சென்ற ஆண்டுப் பஞ்சத்தில் இறந்த அவளது மூன்று வயது மகளுக்குப் புகைப்படம் ஏதுமில்லை. அதன் பிறகே இத்தோட்டத்துக்கு வந்த மரியநாயகியும் அக்குழந்தையைக் கண்டதில்லை. ஆகவே அம்முகத்தைத் தானே வரைந்து உடன் கொண்டுசெல்லத் துடித்தாள் காளியாயி.

"கரிய ஒரு கையில பிடிங்க, காளியாயி. இது என்ன கொழுந்தா, ரெண்டு கையாலயும் கிள்ள?" என்றார் மரியநாயகி. பெண்கள் சிரித்தனர்.

"இருவது வருசமா ரெண்டு கையும் ஒண்ணாத்தாங்க போகுது, டீச்சரம்மா. ஒண்ண நிறுத்துனா மத்ததும் நின்னுருது."

மரியநாயகி நாணி, அவளது இடக்கையிலும் ஒரு கரித்துண்டை வைத்தார். இரு கைகளும் நெற்றியில் தொடங்கின. கன்னங்கள் இரண்டும் ஒருங்கே இறங்கி மோவாயில் கூடின. கண்கள் இணையாய்த் திறந்தன.

படத்தை அழகுசெய்ய எண்ணிய மரியநாயகி, காதில் தோடு வரையக் குனிந்தார். காளியாயி அவர் கையைப் பற்றினாள்.

"வேணாங்க. எம்புள்ளைக்கு இன்னும் காது குத்தலீங்க."