இரண்டாவது அலுமாரி

மொன்றியலுக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது பனியல்ல. தெருவில் ஒருவரும் என் முகத்தை இரண்டாம் தரம் பார்க்காததுதான். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு தெப்பனர், அதாவது மூலைக்கடை. பால் வாங்கப் போனால் கடைக்காரர் "பொன்ஜூர்" என்பார், காசை வாங்குவார், எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பார். பதினொரு வயதான எனக்கு அது முதலில் அவமானமாகவும் பிறகு பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

கொழும்பில் அப்படியில்லை. ஒன்பது வயதில் ஒரு சிங்களத் தொலைக்காட்சித் தொடரில் குறும்புக்கார மகளாக நடிக்கத் தொடங்கினேன். நாங்கள் யாழ்ப்பாணத்தார்தான், ஆனால் வெள்ளவத்தையில் வளர்ந்த என் சிங்களத்தில் ஒரு பிசிறும் இராது. தெருவில் ரொட்டி விற்கும் பாண்காரர்கூட நாடகப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித்தேடி எரித்த அந்த 1983 ஆடி மாதத்தில், எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தவர்களில் ஒருவன், "ரிவியில் வரும் பிள்ளையின் வீடு இதுதான்" என்று சிங்களத்தில் கத்தியது எனக்குக் கேட்டது. அப்போது நான் பக்கத்து வீட்டுச் சிங்கள மாமியின் அலுமாரிக்குள், சேலைகளுக்குப் பின்னால் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் அவருடைய குசினிக்குள் ஒளிந்திருந்தார்கள். "பயம் வந்தால் அம்மா என்று கத்தாதே, சிங்களத்தில் அம்மே என்று கத்து" என்று காதுக்குள் சொல்லிவிட்டுத்தான் மாமி கதவைச் சாத்தினார். எங்கள் வீடு எரிந்தது. என் முகத்தால்தான் எரிந்தது என்று நம்பினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

மொன்றியல் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பித்த ஆசிரியைக்கு, நான் நடித்தவள் என்பதை அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டார். சிறுவர் தொடர் ஒன்றுக்குப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள், என்னையும் அனுப்புங்கள் என்று ஆசிரியை கேட்டார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கட அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. பிள்ளையின்ர முகத்தைத் திரும்பவும் ஊருக்குக் காட்டுறதோ?"

"எத்தினை நாளைக்கு ஒளிச்சிருக்கிறது?" என்றார் அம்மா. "அவளைக் கேளுங்கோ."

"ஓம், போறன்" என்றேன். அந்த விளக்குகளின் முன்னால் இன்னுமொருமுறை நிற்கவேண்டும் என்ற ஆசை பயத்தை மிஞ்சிவிட்டது.

பெரிய மண்டபம். நடுவில் புதுவர்ணம் மணக்கும் ஓர் அலுமாரி. ஒளித்துப் பிடிக்கும் விளையாட்டு, பத்து எண்ணியதும் சிரித்தபடி வெளியே குதிக்கவேண்டும் என்று இயக்குநரான பெண்மணி கையாலேயே விளங்கப்படுத்தினார். தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். கதவு சாத்தப்பட்டது. வெளியே ஆண்களின் சப்பாத்துச் சத்தம். "அன், து, த்ருவா..." பத்தும் முடிந்தது. என் கைகள் கதவை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்திருந்தன. யாரோ வெளியே இழுக்க, நான் உள்ளே இழுத்தேன். பிறகு "அம்மே!" என்று அலறினேன்.

கதவு திறந்தபோது, நடிப்பென்று நினைத்து எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் பாவாடை நனைந்திருந்தது. மூலையில் இருந்த அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "நான்தான், பிள்ளை. தமிழில கதை. இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினம்."

தாய் மகளைப் பாராட்டுகிறாள் என்று நினைத்த இயக்குநர் அம்மாவின் தோளில் தட்டி, "பிராவோ, மதாம்!" என்றார். தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லான நன்றியை, அழுதுகொண்டே, அம்மா சொன்னார்: "மெர்சி."

அந்தப் பாத்திரம் எனக்கே என்று அடுத்த கிழமை ஆசிரியை வந்து சொன்னார். "உன்ர விருப்பம்" என்றார் அப்பா. "நோன், மெர்சி" என்று நானே ஆசிரியைக்குச் சொன்னேன். அவர் போன பிறகு அப்பாவைக் கேட்டேன்: "வீடு எரிஞ்சது என்னாலதானே, அப்பா?"

அவர் என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். "அவங்கட கையில தமிழ் வீடுகளின்ர பேர்ப்பட்டியல் இருந்தது, பிள்ளை. உன்ர முகம் இல்லாட்டிலும் எரிச்சிருப்பாங்கள்." அது உண்மையோ, எனக்காகச் சொன்னதோ, இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று நித்திரை வந்தது.

வழக்கு வென்றோம். நான் பிறகு நடிக்கவேயில்லை. அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பிரெஞ்சுத் தொடர் தொடங்கியது. அதே கிழமை சிங்கள மாமியின் கடிதமும் வந்தது: கொழும்பில் என் தொடர் திரும்பவும் போகிறதாம், என் நாடகப் பெயரில் வேறொரு பிள்ளை நடிக்கிறாளாம். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து ரிவி பார்த்தேன். பொன்னிறத் தலைமயிர்ச் சிறுமி ஒருத்தி அலுமாரியைத் திறந்து, சிரித்தபடி வெளியே குதித்தாள். இரண்டு நாடுகளிலும் என் இடத்தில் ஒவ்வொரு பிள்ளை இருந்தாள். நான் பாண் துண்டைச் சம்பலில் தொட்டு, சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.