அவிழ வேண்டிய கட்டு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மண்டபத்தில் படகு வேலை, திருப்பூரில் தையல், நடுவில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தது என்று ஓடியிருக்கிறேன். சில ஊர்களில் பட்டினி, சில ஊர்களில் நல்ல சாப்பாடு. இராமநாதபுரத்துக்குத் திரும்பி ஒரு தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தபோது, பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர் நைலான் துணியோடு வந்தார். ராக்கெட்டுக்குப் பாராசூட் தைக்க முடியுமா என்று கேட்டார்.

தீபாவளி ராக்கெட் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவரோ ஆளை விட உயரமாக ஒன்றைப் பொழுதுபோக்காகவே வீட்டில் செய்து வைத்திருந்தார். இதற்கு முன் செய்தது பாராசூட் விரியாமல் தலைகுப்புற வந்து தரையில் குத்தி நொறுங்கியிருந்தது.

"இதுவும் போச்சுன்னா எல்லாத்தையும் வித்துட்டு விட்டுருவேண்ணே," என்றார். வீட்டில் ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

அனுமதியெல்லாம் வாங்கி, பெரியபட்டினம் தாண்டி ஆளில்லாத ஒரு பொட்டலுக்குக் காலையிலேயே போனோம். வேன் என் பழைய படகுக் கூட்டாளியுடையது. பாராசூட்டை மடித்து உள்ளே வைப்பது என் வேலை. படகில், சுருட்டிய பாயைக் கயிறு சுற்றி முடிச்சுப் போடாவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். கை அதற்குப் பழகிப்போயிருந்தது. துணியை மடித்து, அதன் கயிறுகளை அதன் மேலேயே வரிந்து, நுனியைச் செருகி இழுத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பறக்க விடும் முன் தரையில் ஒரு சோதனை உண்டு. ராக்கெட்டைப் படுக்க வைத்துத் தள்ளி நின்று சுவிட்சைத் தட்டினால், உள்ளேயிருக்கும் துளி வெடிமருந்து, முனையிலுள்ள கூம்பு மூக்கைத் தள்ளிவிட்டுப் பாராசூட்டை வெளியே எறிய வேண்டும். டப்பென்றது. மூக்கு பறந்தது. பாராசூட் பொட்டலமாக வந்து விழுந்தது. டீச்சர் தூக்கி உதறினார். அப்போதும் பிரியவில்லை.

"என்னண்ணே, கட்டுச்சோறா?"

கூட்டாளி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏலே, ஊரு ஊரா கயித்தை அவுத்துக்கிட்டு ஓடுறவன் நீ. கட்டுனா மட்டும் இந்தக் கட்டு கட்டுறியே!"

டீச்சர் சிரிக்கவில்லை. முந்தைய ராக்கெட் அவர் கண்ணில் தெரிந்தது. உப்புக் காற்றில் துணி ஒட்டாமலிருக்க முகப்பவுடர் தூவினார். கயிறுகளைச் சுற்றாமல் மடிப்புக்குள் வளைத்து வளைத்துப் படுக்க வைக்கச் சொன்னார். "நுனியைத் தூக்குனா தானா விரியணும்ணே. முடிச்சே வேண்டாம்." நான் மடித்தேன், அவர் தூக்கினார், விரிந்தது. மறுபடி மடித்து உள்ளே வைக்கும்போது, கடைசியாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றக் கை பரபரத்தது. சுற்றாமல் விட்டுவிட்டேன்.

ராக்கெட் போன வேகத்தில் கண்ணுக்குத் தப்பிவிட்டது. உச்சியில் ஒரு புள்ளிப் புகை. அதிலிருந்து சிவப்பாக ஏதோ சுருண்டபடியே விழுந்தது. டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். துணி ஒரு தரம் படபடத்து, குடையாக விரிந்தது.

காற்றில் நகர்ந்து நகர்ந்து ஒரு சீமைக்கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தது. ராக்கெட்டில் ஒரு கீறல் இல்லை. துணிதான் கிழிந்திருந்தது. டீச்சர் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை கொஞ்சம் சின்னதாத் தைங்கண்ணே. காத்து ரொம்ப தூரம் இழுத்துருது."

வேன் மேல் ராக்கெட்டைக் கட்டும் வேலையை என்னிடம் விட்டார்கள். அதை மட்டும் என் இஷ்டத்துக்கு வரிந்து கட்டினேன்.