இரண்டாம் ஓலையும் அபுஜாவும்

சென்ற ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார் என் வீட்டுக்காரரின் அண்ணன்.

அன்றைக்குத்தான் என் மகள் மெர்சியின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள். எங்கள் கத்தோலிக்கரில் அதுதான் வழக்கம். மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை விவரத்தை வாசித்து, "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்பார் ஃபாதர். சாதாரணமாக யார் வாயைத் திறக்கப் போகிறார்கள்?

"இன்னாம்மா, மாப்ள அம்பத்தூருன்னே... நைஜீரியால வேலைன்னு வாசிக்கிறாரு? பொண்ண காட்டுக்கா அனுப்பப் போற? அடுத்த ஓலைக்கு நான் எழுந்து நிப்பேன், பாத்துக்கோ!"

"காடு இல்ல பெரியப்பா" — மெர்சி முந்திக்கொண்டாள். "அபுஜா. அந்த நாட்டுக்கே தலைநகரம். எல்லாருக்கும் பொதுவா, நாட்டுக்கு நடுவுல எடம் பாத்து, பிளான் போட்டுப் புதுசா கட்டுன ஊரு."

"வெள்ளானூர்ல எனக்கும் பிளான் காட்டித்தான் மனை வித்தான். மழைல வந்து பாரு, ஊட்டுக்குள்ள மீனு ஓடுது!"

சிரித்துவிட்டேன். ஆனால் பயம் எனக்கும் இருந்ததே! அந்த வாரம் முழுக்க ஜெபமாலையும் கையுமாக இருந்தேன். மெல்ல ஒன்று தெளிந்தது. ஓலையில் தடை உண்டா என்றுதான் கேட்கிறார்கள். பெற்றவளின் பயம் எப்படித் தடையாகும்? பையன் நல்லவன். மெர்சிக்குப் பிடித்திருக்கிறது. முடிவு செய்துவிட்டேன்... அவர் எழுந்தால் நானும் எழுவேன். விடப் போவதில்லை.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நைனா, அங்க தண்ணி வருதா? கோயிலு கீதா?"

மாப்பிள்ளை போனைத் திருப்பிக் காட்டினார். அகலமான ரோடு. பெரிய தேவாலயம். கொஞ்சம் தள்ளி மசூதியின் தங்க நிறக் குவிமாடம். அண்ணன் கண்ணை எடுக்காமல் பார்த்தார். போனைத் திருப்பித் தந்தார்.

"ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

இது போதாதா, என் தூக்கம் கெட?

வந்தது இரண்டாம் ஓலை. ஃபாதர் வாசித்து முடித்ததுதான் தாமதம், அண்ணன் எழுந்தார். பெண்கள் பக்கத்தில் நானும் எழுந்தேன். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"ஏதாவது தடையா?" என்றார் ஃபாதர்.

"தடையெல்லாம் இல்ல ஃபாதர். மொட்டையா நைஜீரியான்னு வாசிச்சா எப்டி? தலைநகரம் அபுஜான்னு சேத்து வாசிங்க!"

சண்டைக்கென்று எழுந்தவள் நான்... இனி யாரோடு போடுவது? நின்ற இடத்திலேயே கைகூப்பிவிட்டேன்.